ஆயில் இஞ்சினில் ராக்கர்களைப் பொருத்தி நேர்படுத்தும் விதம்

கூட்டுறவுச் சங்கங்கள் பொதுவில் வாங்கி வைத்து, அங்கத்தினர்களுக்கு முறை வைத்து வாடகைக்கு விடும் இறைவை இஞ்சின்களைப் பற்றிச் சங்கக் கூட்டங்களில் எழும் விவாதம் பெரும்பாலும் வாடகை எவ்வளவு, முறை யாருக்கு என்பதோடு நின்றுவிடுகிறது. இஞ்சினின் உடல்நிலையைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. அது ஒருநாள் நின்ற பிறகுதான் அந்தப் பேச்சு வருகிறது. நான் பரிசீலித்த ரிப்பேர்க் கணக்குகளில் பலவற்றை ஊன்றிப் பார்க்கையில், கிராங்கு முறிந்தது, பிஸ்டன் உடைந்தது என்னும் பெருஞ் செலவுகள் அபூர்வமாகவே காணப்பட்டன. அடிக்கடி காணப்பட்டது வால்வு மாற்றிய செலவே. வால்வு கெடுவதற்கு முக்கிய காரணம், சிலிண்டர் தலையின் மேல்மூடியைக் கழற்றினவுடன் கண்ணுக்குத் தெரிகின்ற ராக்கர் என்னும் இரண்டு சிறு கைகளைச் சரியாய் வைக்காமையே யாகும். இவ்வேலைக்குப் பெரிய பட்டறை வேண்டியதில்லை. ஒரு ஸ்பேனர், ஒரு ஸ்குரூ டிரைவர், பீலர் கேஜ் என்று சொல்லப்படும் தகட்டுக் கட்டு ஒன்று, இவற்றோடு பொறுமையும் இருந்தால் சங்கத்து இஞ்சின் டிரைவரே செய்துகொள்ளலாம். ஆயினும் அதன் காரண காரியத்தை அங்கத்தினர்களும் அறிந்திருத்தல் நலம். ஏன் என்பது பின்னால் விளங்கும்.

ராக்கர் என்பது யாது?

ஏற்றம் மிதித்தவர்களுக்கு ராக்கரை விளக்குவது எளிது. ஏற்றத்தில் நடுவே கால் நாட்டி, அதன்மேல் துலாவை ஏந்தி, ஒரு பக்கம் ஆள் மிதிக்க மறுபக்கம் சால் இறங்கி ஏறுகிறது. இஞ்சினிலும் அவ்விதமே. கீழே கேம் என்னும் மேடுள்ள சக்கரம் சுழன்று டேப்பெட்டைத் தூக்குகிறது. டேப்பெட் புஷ் ராடு என்னும் நீண்ட கம்பியை மேலே தள்ளுகிறது. அக்கம்பி ராக்கரின் ஒரு முனையைத் தூக்க, மறுமுனை தாழ்ந்து வால்வின் தண்டை அழுத்துகிறது, வால்வு திறக்கிறது. கேமின் மேடு கடந்தவுடன் ஸ்பிரிங்கு வால்வை மேலே இழுத்து அதன் இருக்கையில் உட்கார்த்துகிறது. காற்றை உள்ளிழுக்கும் வால்வுக்கு ஒரு ராக்கர், புகையை வெளிவிடும் வால்வுக்கு ஒரு ராக்கர், ஆக இரண்டு.

நம் பக்கத்து இஞ்சின்கள் பெரும்பாலும் நான்கு வீச்சு வகையைச் சேர்ந்தவை. காற்றை இழுத்தல், அதை அமுக்குதல், எரிதல், புகையை வெளியேற்றுதல் என்னும் நான்கு காரியங்களுக்கும் பிளைவீல் இரண்டு சுற்றுச் சுற்றவேண்டும். அதற்குள் ஒவ்வொரு வால்வும் ஒருமுறை திறந்து மூடும். இங்கிலாந்தில் டர்ஸ்லி என்னும் ஊரில் செய்யப்பட்டு நம் நாட்டில் பெரிதும் பரவியதும், பிற்காலத்தில் ராஜ்கோட்டு முதலிய இடங்களில் அதே மாதிரியில் வார்க்கப்பட்டதுமான லிஸ்டர் 6 குதிரைச் சக்தி இஞ்சினை எடுத்துக்கொள்வோம். அது நிமிஷத்துக்கு 650 சுற்று ஓடுவது. அதாவது ஒவ்வொரு வால்வும் நிமிஷத்துக்கு 325 முறையும், மணிக்கு 19,500 முறையும் திறந்து மூடுகிறது. எட்டு மணி நேரம் இறைத்தால் 1,56,000 முறை. மெதுவாய் ஓடுகிற இஞ்சினிலேயே கணக்கு இவ்வளவு என்றால், நிமிஷத்துக்கு 1,500 சுற்று ஓடும் சிறு இஞ்சின்களைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. ஒரு முறையில் கண்ணுக்குத் தெரியாத தேய்மானம், இத்தனை லட்சம் முறையில் எவ்வளவு ஆகும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இடைவெளி ஏன் விடவேண்டும்?

இஞ்சின் ஆறியிருக்கும்போது, வால்வு மூடியுள்ள நிலையில், ராக்கரின் மூக்குக்கும் வால்வுத் தண்டின் தலைக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி இருக்கவேண்டும். இதனையே டேப்பெட் இடைவெளி என்று மெக்கானிக்குகள் சொல்லுவார்கள். உஷ்ணம் ஏறினால் உலோகம் நீளும் என்பது வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடும் கொல்லனுக்குத் தெரிந்த விஷயம். 120 மில்லிமீட்டர் நீளமுள்ள எஃகுத் தண்டு சராசரியாய் 300 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணம் ஏறுமானால், ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் நீண்டுவிடும். சிலிண்டரும் அதன் தலையும் ஓரளவு நீளுவதனால் இந்த நீளம் முழுவதும் இடைவெளியைத் தின்றுவிடுவதில்லை. எனினும் இடைவெளியே விடாவிட்டால், சூடேறியவுடன் ராக்கர் வால்வை ஓயாமல் அழுத்திக்கொண்டிருக்கும். வால்வு தன் இருக்கையில் முற்றிலும் அமராது.

அவ்விதம் அமராவிட்டால் வரும் கேடு இரண்டு. முதலாவது, பிஸ்டன் அமுக்கும் காற்று அந்தச் சந்து வழியாய் நழுவிவிடும். டீசல் இஞ்சினில் எண்ணெய் பற்றுவது அமுக்கப்பட்ட காற்றின் சூட்டினால் அல்லவா? அமுக்கம் குறைந்தால் சூடும் குறையும். காலையில் இஞ்சின் கிளம்ப மறுக்கும். கிளம்பினாலும் புகை கக்கி, எண்ணெயை அதிகம் குடித்து, தண்ணீரைக் குறைவாய் இறைக்கும். இரண்டாவது கேடு இன்னும் பெரிது. புகை வால்வின் தலை நெருப்பில் குளிப்பது. அது தன் சூட்டைப் பெரும்பாலும் இருக்கையைத் தொட்டு அமர்ந்திருக்கும் வேளையிலேயே இறக்கிவைக்கிறது. தொடாவிட்டால் சூடு இறங்க வழியில்லை. போதாததற்கு, எரிகிற வாயு அந்தச் சந்திலே ஊதுலை போலப் பாய்கிறது. சில நாட்களில் வால்வின் விளிம்பு ஓரிடத்தில் எரிந்து பள்ளமாகிவிடும். பிறகு இடைவெளியைச் சரிசெய்தும் பயனில்லை, வால்வையே மாற்றவேண்டும்.

இடைவெளி அதிகமானாலோ, வால்வு தாமதமாய்த் திறந்து முன்னதாய் மூடும். திறக்கும் அளவும் குறையும். ராக்கர் சுத்தியல் போல் தண்டின் தலையை அடிக்கும். டக், டக் என்று ஓசை கேட்கும். மிகவும் அதிகமானால் புஷ் ராடு தன் குழியிலிருந்து நழுவி விழுவதும் உண்டு. இதுவும் குறைதான்; ஆனால் காதுக்குத் தெரிகின்ற குறை. இடைவெளி அற்றுப்போவதோ சத்தமின்றி நடக்கும் கேடு. இவ்விரண்டில் எது அபாயம் என்று கேட்டால், சத்தமில்லாததே அபாயம் என்பேன். ஆனால் நம்மவர் சத்தம் போடும் இஞ்சினையே சந்தேகிக்கிறார்கள்.

இதனால் விளைந்த ஒரு சங்கடத்தை இங்கே சொல்லுவது பொருந்தும். ஆற்றுப் பாசனத்தின் கடைமடையிலுள்ள ஒரு கிராமச் சங்கத்தில், இஞ்சினுக்குச் செல்லும் டீசல் மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே வந்தது. டிரைவர் எண்ணெயை வெளியில் விற்கிறார் என்று பஞ்சாயத்தார் சிலர் சந்தேகங்கொண்டு, ஒரு மாதச் சம்பளத்தை நிறுத்தி வைத்ததுடன், அவரை நீக்கிவிடத் தீர்மானமும் எழுதி வைத்திருந்தனர். நான் கணக்கைப் பார்க்கையில், ஓடிய மணிகளையும் செலவான எண்ணெயையும் பக்கத்தில் பக்கமாய் எழுதிப் பார்த்தேன். மணிக்கு இவ்வளவு என்னும் செலவு, மூன்று மாதத்தில் கொஞ்சங் கொஞ்சமாய், ஒரே சீராய் ஏறியிருந்தது. திருட்டு இவ்விதம் சீராய் ஏறாது. ஒரு வாரம் கூடும், கணக்குப் பார்க்கும் வாரம் குறையும். ஆகவே பக்கத்து ஊர் மெக்கானிக் ஒருவரை வரவழைத்துத் தலையின் மூடியைக் கழற்றிப் பார்க்கச் செய்தோம். புகை ராக்கரில் ஒரு மயிரிழை இடைவெளி கூட இல்லை. தலையைக் கழற்றினபோது வால்வின் விளிம்பில் எள்ளளவு இடம் எரிந்து குழிந்திருந்தது. டிரைவரை விசாரித்ததில் அவர் சொன்னதாவது: "பெரியவர் ஒருவர் களத்து மேட்டிலிருந்து, 'தம்பி, இஞ்சின் ஏன் இப்படி லொட லொட என்கிறது? சரி பண்ணு' என்றார், ஐயா. நான் திருகைத் திருகி ஓசையை நிறுத்தினேன். அன்று முதல் பட்டுப்போல ஓடுகிறது என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள்." ஆக, ஓசையை அடக்கச் சொன்னவரும் அங்கத்தினரே, எண்ணெய் எங்கே என்று கேட்டவர்களும் அங்கத்தினரே. சம்பளம் திரும்பக் கொடுக்கப்பட்டது. ஆனால் வால்வு வந்து சேரும் வரையில் தண்ணீர் முறை தவறிய ஒரு குடியானவரின் நாற்றங்கால் காய்ந்ததற்கு ஈடு சொல்ல ஒருவராலும் கூடவில்லை. அங்கத்தினர்களும் இதனை அறிந்திருத்தல் நலம் என்று முன்னே சொன்னது இதனால்தான்.

ராக்கரை நேர்படுத்தல்

இடைவெளி பார்ப்பதற்கு முன், ராக்கர் தன் இடத்தில் நேராய் அமர்ந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். தலையைக் கழற்றிப் பூட்டினபோதும், புது வால்வு, புது ராக்கர் அல்லது புது புஷ் ராடு போட்டபோதும் இது அவசியம். சாதாரண நாட்களில் இடைவெளியை மட்டும் பார்த்தால் போதும்.

முதலில் ராக்கரைக் கையால் பிடித்து மேலுங் கீழும் ஆட்டிப் பார்க்க. அச்சுக்கும் உள்ளிருக்கும் புஷ்ஷுக்கும் நடுவே ஆட்டம் இருந்தால், எவ்வளவு கவனமாய் இடைவெளி வைத்தாலும் அது பொய்க்கணக்கே, புஷ்ஷை மாற்றவேண்டும். பிறகு புஷ் ராடுகளை எடுத்து ஒரு கண்ணாடிப் பலகையின் மேல் உருட்டிப் பார்க்க. வளைந்த கம்பி துள்ளி உருளும். வளைந்ததைத் தட்டி நிமிர்த்திப் போடுவதைவிட மாற்றிவிடுவதே சிலாக்கியம். இரு முனைகளும் குழிகளில் நன்றாய் உட்கார்ந்துள்ளனவா என்றும் விரலால் தடவிப் பார்க்கவேண்டும்.

இனிப் பக்கவாட்டு நேர்மை. மேலிருந்து பார்க்கையில், ராக்கரின் மூக்கு வால்வுத் தண்டின் தலைக்கு நட்ட நடுவில் இருக்கவேண்டும்; ஒரு பக்கமாய் ஒதுங்கியிருத்தல் கூடாது. ஒதுங்கியிருந்தால் ஒவ்வொரு அழுத்தத்திலும் தண்டு சிறிது சாய்ந்து, வால்வு கைடை ஒரு பக்கமாய்த் தேய்க்கும். ராக்கரின் அச்சில் கோக்கப்பட்டிருக்கும் வாஷர்களை இப்புறமிருந்து அப்புறம் மாற்றி இதனைச் சரிசெய்யலாம். மாற்றிய பிறகு ராக்கர் இறுகாமல் தாராளமாய் ஆடுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்க.

அடுத்தது உயர நேர்மை. இதனையே பலரும் அறியார். ஆதலின் சற்று விரித்துச் சொல்லுகிறேன். மறுபடியும் ஏற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். துலாவின் நுனி வட்டத்தில் போகிறது. சாலின் கழியோ கிணற்றில் நேராய் இறங்கவேண்டும். அனுபவமுள்ள குடியானவர், சால் பாதி வழியில் இருக்கும்போது துலா மட்டமாய் நிற்கும்படி கால் நாட்டுவார். அப்படி நாட்டினால் கழி கிணற்றின் நடுவிலேயே ஏறியிறங்கும். காலை மிகக் குட்டையாகவோ நெட்டையாகவோ நாட்டிவிட்டால், கழி ஒரு கரையை உராய்ந்துகொண்டு போகும். ராக்கரின் மூக்கும் துலாவின் நுனியைப் போல் வட்டத்தில் போவது. வால்வுத் தண்டு கழியைப் போல் நேராய் இறங்குவது. ஆகையால், வால்வு பாதி திறந்திருக்கும் நிலையில், ராக்கரின் அச்சு மையத்திலிருந்து மூக்கின் மையத்துக்கு இழுக்கும் கோடு வால்வுத் தண்டுக்குச் செங்குத்தாய் இருக்கவேண்டும்.

கணக்கில் பார்த்தால் வித்தியாசம் நன்கு விளங்கும். ராக்கரின் வால்வுப் பக்கத்துக் கை 40 மில்லிமீட்டர் நீளம் என்றும், வால்வு 8 மில்லிமீட்டர் திறக்கிறது என்றும் கொள்வோம். பாதி வழியில் செங்குத்தாய் அமைத்தால், மூக்கு தண்டின் தலைமேல் குறுக்கே நகர்வது 0.2 மில்லிமீட்டரே. வால்வு மூடியிருக்கும்போதே செங்குத்தாய் நிற்கும்படி அமைத்துவிட்டால், முழுதுந் திறக்கையில் 0.8 மில்லிமீட்டர் நகரும். அதாவது நான்கு மடங்கு. நாளொன்றுக்கு ஒன்றரை லட்சம் முறை இந்த உராய்வு நடக்கிறது. தண்டின் தலையும் தேய்கிறது, கைடும் முட்டை வடிவமாகிறது.

இதைச் சோதிக்க அளவு கருவி எதுவும் வேண்டாம். வால்வுத் தண்டின் தலையை மண்ணெண்ணெயால் துடைத்து உலர்த்தி, விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து மெல்லியதாய்ப் பூசுக. கடையில் விற்கும் மைக்கோலால் தீற்றினாலும் போதும். ராக்கரைப் பூட்டி, இடைவெளியைத் தோராயமாய் வைத்து, டீசல் வரும் வழியை அடைத்துவிட்டு, பிளைவீலைக் கையால் ஓடுகிற திசையில் மெல்ல இரண்டு முழுச் சுற்று திருப்புக. மறுபடி ராக்கரைக் கழற்றிப் பார்த்தால், மூக்கு உராய்ந்த இடம் பளிச்சென்று ஒரு பட்டையாய்த் தெரியும். பட்டை ஒடுக்கமாகவும் நடுவிலும் இருந்தால் எல்லாம் சரி. நடுவில் இருந்தும் அகலமாய் இருந்தால் உயரம் தவறு. ஒடுக்கமாய் இருந்தும் ஒரு விளிம்பை நோக்கி இருந்தால், உயரம் சரியே; ராக்கர் தாங்கி வால்வுக்கு அருகிலோ தூரத்திலோ தள்ளி நிற்கிறது, அல்லது வேறு மாதிரி இஞ்சினின் ராக்கர் போடப்பட்டிருக்கிறது. கடையில் 'இதுவும் சேரும்' என்று கொடுக்கும் சாமான்களால் இந்த இரண்டாவது தவறு அடிக்கடி நேருகிறது. அதைத் திருத்த வழி, சரியான சாமானை வாங்குவதே.

உயரம் ஏன் தவறுகிறது? வால்வையும் இருக்கையையும் பலமுறை அரைத்தபின், வால்வு இருக்கைக்குள் ஆழ்ந்துபோகிறது. அதன் தண்டின் தலை அதே அளவு மேலே எழும்புகிறது. அப்போது ராக்கரின் மூக்கு வழக்கத்தைவிட உயர்ந்து நிற்கும். இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். அச்சு ஒரு தாங்கியின்மேல் நிலையாய் அமைந்த இஞ்சின்களில், இடைவெளித் திருகை எவ்வளவு திருகினாலும் இக்குறை தீராது. திருகு புஷ் ராடு பக்கத்தை மட்டுமே ஏற்றி இறக்கும். வால்வுப் பக்கத்தின் நிலையைத் தீர்மானிப்பவை தாங்கியின் உயரமும் தண்டுத் தலையின் உயரமுமே. எனவே, தாங்கியின் அடியில் தக்க கனமுள்ள எஃகுத் தகடு வைத்து உயர்த்திவிட்டு மறுபடி மைச் சோதனை செய்து பார்க்கவேண்டும். அவ்விதம் உயர்த்தியபின் திருகு ஏறக்குறைய தன் நடு நிலையில் நிற்கிறதா என்று பார்க்க. கடைசி மரை வரையில் வெளிவந்து நின்றால் புஷ் ராடு குட்டையாயிற்று என்று அர்த்தம். வால்வு அளவு மீறி ஆழ்ந்துவிட்டிருந்தால் தகடு வைத்து ஒப்பேற்றுவதில் பொருளில்லை; இருக்கையையே புதுப்பித்தல் வேண்டும்.

உருளை வைத்த ராக்கர்

சில இஞ்சின்களில் ராக்கரின் மூக்கில் வளைந்த தேய்ப்புப் பரப்புக்குப் பதிலாய் ஒரு சிறு உருளை பொருத்தப்பட்டிருக்கும். மோட்டார் வண்டிகளிலும், சிறப்பாய் அமெரிக்காவில் பந்தயத்துக்குத் தயாரிக்கும் இஞ்சின்களிலும் இது பிரசித்தம். கவலை இறைப்பவர்களுக்கு உருளையின் அருமையைச் சொல்லவேண்டியதில்லை. கயிறு கட்டைமேல் உராய்வதற்கும் உருளைமேல் ஓடுவதற்கும் உள்ள பேதமே இங்கும். ஆனால் உருளை வைத்துவிட்டால் நேர்மை பார்க்கவேண்டியதில்லை என்று எண்ணுவது பிசகு. உருளை உராய்வைக் குறைக்குமே யன்றி, மூக்கு குறுக்கே நகரும் தூரத்தைக் குறைக்காது. மேற்சொன்ன 0.2, 0.8 என்னும் கணக்கு அதற்கும் அப்படியே பொருந்தும். மைச் சோதனையும் அதுவே. கூடுதலாய்ப் பார்க்கவேண்டியவை இரண்டு: உருளை விரலால் சுழற்றினால் தடங்கலின்றிச் சுழலவேண்டும், உருளையின் முழு அகலமும் தண்டின் தலைமேல் சமமாய்ப் படியவேண்டும். ஒரு விளிம்பு மட்டும் படிந்தால் உருளையின் ஊசி சீக்கிரம் தேய்ந்துவிடும். இதனோடு, பருத்த ராக்கர்கள் மேல்மூடியையும், வால்வு ஸ்பிரிங்கின் தொப்பியையும் முட்டாமல் இருக்கின்றனவா என்று கையால் சுற்றிப் பார்த்த பிறகே இஞ்சினைக் கிளப்பவேண்டும்.

இடைவெளி வைத்தல்

இஞ்சின் முற்றிலும் ஆறியிருக்கவேண்டும். முந்தின இரவு நிறுத்தி மறுநாள் காலையில் செய்வது உத்தமம். சூட்டில் வைக்கும்படி செய்தவர் புத்தகத்தில் எழுதியிருந்தாலன்றிச் சூட்டில் வைக்கலாகாது. தலையின் நட்டுகள் எல்லாம் முறைப்படி இறுகியிருக்கின்றனவா என்று முதலில் பார்க்க. டிகம்ப்ரஷன் லீவர் விடுபட்டிருக்கவேண்டும். அநேக இஞ்சின்களில் அது புகை வால்வைத் தூக்கிப்பிடிப்பதனால், அதை விடுவிக்காமல் அளந்தால் கிடைப்பது பொய்யளவு.

பிறகு இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையைக் கண்டுபிடிக்கவேண்டும். பிளைவீலை ஓடுகிற திசையில் மெல்லத் திருப்பிக்கொண்டே காற்று வால்வைக் கவனிக்க. அது திறந்து, பின் முழுதும் மூடிய பிறகு, பிஸ்டன் மேலேறி உச்சிக்கு வரும். பிளைவீலிலுள்ள உச்சிக்குறி நேருக்கு வரும்போது நிறுத்துக. இதுவே எரியும் உச்சி. இந்நிலையில் இரண்டு ராக்கர்களும் விரலால் ஆட்டினால் சிறிது ஆடும். ஒரு சுற்று தவறி மற்றோர் உச்சியில் நின்றுவிட்டால், புகை வால்வு மூடிக்கொண்டும் காற்று வால்வு திறந்துகொண்டும் இருக்கும், ராக்கர்கள் ஆடமாட்டா. அப்போது இன்னும் ஒரு முழுச் சுற்று திருப்பவேண்டும். டிரைவர்கள் பதற்றத்தில் செய்யும் தவறுகளில் இதுவே முதன்மையானது.

எவ்வளவு இடைவெளி? அது இஞ்சினுக்கு இஞ்சின் மாறும். முன்சொன்ன லிஸ்டர் 6 குதிரைச் சக்தி இஞ்சினுக்கு, ஆறிய நிலையில் இரண்டு வால்வுகளுக்கும் 0.017 அங்குலம், அதாவது 0.43 மில்லிமீட்டர். வேகமாய் ஓடும் சிறு இஞ்சின்களுக்கு இது பொதுவாகக் குறைவு. பலவற்றில் புகை வால்வுக்குக் காற்று வால்வைக் காட்டிலும் சற்று அதிகம் வைப்பார்கள். செய்தவர் புத்தகத்தில் உள்ளதே பிரமாணம். பக்கத்து ஊர் இஞ்சினுக்கு வைத்த அளவை நம் இஞ்சினுக்கு வைப்பது, பக்கத்து வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொள்வது போலாகும்.

திருகு சில இஞ்சின்களில் ராக்கரின் முனையிலும், சிலவற்றில் புஷ் ராடின் முனையிலும் இருக்கும். அதன் லாக் நட்டைத் தளர்த்தி, உரிய கனமுள்ள தகட்டை மூக்குக்கும் தண்டின் தலைக்கும் நடுவே நுழைத்து, திருகைத் திருப்புக. கனத்த புத்தகத்தின் நடுவிலுள்ள ஒரு தாளை உருவுவது போல, தகடு சிறு பிடிப்புடன் இழுபடவேண்டும். அந்நிலையில் திருகை அசையாமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்கி, மீண்டும் தகட்டை விட்டுப் பார்க்க. ஏனெனில் நட்டை இறுக்கும்போது திருகு சிறிது நகர்வது இயற்கை. அளவுக்கு ஒரு படி மெல்லிய தகடு தாராளமாய் நுழையவேண்டும். ஒரு படி கனத்த தகடு நுழையவே கூடாது. இந்த இரட்டைச் சோதனை இருந்தால் கைப்பழக்கம் இல்லாதவரும் தவறமாட்டார்.

பழைய இஞ்சின்களில் ஒரு சூழ்ச்சி உண்டு. ராக்கரின் மூக்கு பல ஆண்டு தேய்ந்து, தண்டின் தலை அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருக்கும். அகலமான தகடு அந்தப் பள்ளத்தின் கரைகளில் பாலம் போல் நின்றுவிடும். தகடு சரியென்று சொல்லும். உண்மையில் பள்ளத்தின் ஆழமும் சேர்ந்து இடைவெளி அதிகமாய் இருக்கும். அளவு சரியாய் வைத்தும் டக், டக் ஓசை நீங்காவிட்டால் இதனைச் சந்தேகிக்கவேண்டும். பள்ளம் சிறிதானால், மூக்கின் வளைவு கெடாமல் எண்ணெய்க் கல்லில் தீட்டிச் சமனாக்கலாம். பெரிதானால் ராக்கரை மாற்றவேண்டும்.

எல்லாம் முடிந்தபின் பிளைவீலைக் கையால் நாலைந்து சுற்று சுற்றி, மறுபடி எரியும் உச்சியில் நிறுத்தி, ஒருமுறை அளந்துவிட்டு மூடியைப் போடுக. ராக்கர்களுக்குத் தானே எண்ணெய் ஏறும் வசதி இல்லாத பழைய மாதிரிகளில், அச்சுக்கும் புஷ் ராடின் குழிகளுக்கும் தினந்தோறும் எண்ணெய்க் குப்பியால் சொட்டு விடவேண்டும்.

தலையைக் கழற்றிய பிறகு

புதுக் கேஸ்கெட் போட்டுத் தலையைப் பூட்டினால், சில மணி நேரம் ஓடினவுடன் கேஸ்கெட் அமுங்கும். நட்டுகளை மறுபடி இறுக்க நேரும். தலை அவ்வளவு தாழ்கிறது. தலையோடு ராக்கரின் அச்சும் தாழ்கிறது. புஷ் ராடோ பழைய நீளமே. ஆகவே இடைவெளி குறைகிறது. பட்டறைக்காரர் பூட்டின அன்று வைத்துவிட்டுப் போன அளவு ஒரு வாரத்தில் இல்லாமற் போவதற்கு இதுவே காரணம். 'நேற்றுத்தான் பணம் கொடுத்து ரிப்பேர் செய்தோம்; இன்று மறுபடி வால்வு போயிற்று' என்று மெக்கானிக்கின் மேல் வழக்குக் கொண்டுவரும் சங்கங்கள், நட்டை மறுபடி இறுக்கிய நாளில் இடைவெளி பார்க்கப்பட்டதா என்று முதலில் தம் ஆட்களைக் கேட்கவேண்டும். மெக்கானிக்கிடம் வேலையை ஒப்புவிக்கும்போதே, இந்த இரண்டாம் வருகையும் கூலியில் சேர்ந்தது என்று பேசி எழுதிக்கொள்வது புத்திசாலித்தனம்.

வால்வு ஒழுகுகிறதா என்று அறிய எளிய வழி ஒன்றுண்டு. டீசலை அடைத்து, பிளைவீலைக் கையால் அமுக்க வீச்சில் திருப்பி நிறுத்திப் பிடித்துக்கொண்டால், நல்ல இஞ்சின் சில விநாடி எதிர்த்து நிற்கும். எதிர்ப்பின்றி நழுவினால், புகைக் குழாயிலும் காற்றுக் குழாயிலும் காதை வைத்துக் கேட்க. புகைக் குழாயில் 'உஸ்' என்றால் புகை வால்வு. காற்றுக் குழாயில் கேட்டால் காற்று வால்வு. இரண்டிலும் இல்லாமல் கிராங்கு அறையின் மூச்சுக் குழாயில் கேட்டால் பிஸ்டன் வளையங்கள். டிரைவரை விசாரிக்கும் முன் இந்தச் சோதனையைப் பஞ்சாயத்தார் தாமே செய்து பார்க்கலாம்.

சங்கத்தில் வைக்கவேண்டிய புத்தகம்

இஞ்சின் வைத்திருக்கும் ஒவ்வொரு சங்கமும் ஒரு சாதாரண நோட்டில் தேதி, முறைக்காரர் பெயர், ஓடிய மணி, ஊற்றிய டீசல், மணிக்கு ஆன செலவு என்று கோடு போட்டு எழுதிவரவேண்டும். கடைசிப் பத்தியில், இடைவெளி பார்த்த தேதியும், பார்க்குமுன் இருந்த அளவும், வைத்த அளவும் இருக்கட்டும். 'பார்க்குமுன் இருந்த அளவு' என்பதை ஒருவரும் எழுதுவதில்லை. ஆனால் மிகுந்த செய்தி சொல்வது அதுதான். ஒவ்வொரு முறையும் புகை வால்வின் இடைவெளி குறைந்தே காணப்படுமானால், வால்வு இருக்கையில் ஆழ்ந்துகொண்டு போகிறது என்றறிந்து, அறுவடை முடிந்த ஓய்வுக் காலத்தில் தலையைக் கழற்ற ஏற்பாடு செய்யலாம். கூடியே காணப்பட்டால் மூக்கோ, புஷ் ராடோ, கேமோ தேய்கிறது.

பீலர் கேஜ் கட்டைச் சங்கத்தின் சொத்தாக ஜாபிதாவில் சேர்த்து, டிரைவரிடம் கையெழுத்துப் பெற்று ஒப்புவிக்கவேண்டும். தகடுகளைத் துடைத்து எண்ணெய் தடவி வைக்காவிட்டால் துருவேறி, அளவு மாறிவிடும். எத்தனை மணிக்கு ஒருமுறை இடைவெளி பார்க்கவேண்டும் என்பதைச் செய்தவர் புத்தகத்திலிருந்து பெயர்த்தெழுதி, இஞ்சின் கொட்டகைச் சுவரில் ஒட்டி, அந்த மணி நிரம்பும் நாளில் முறைக்காரர் யாராயிருந்தாலும் காலை ஒரு மணி நேரம் இஞ்சினை விட்டுக்கொடுக்கவேண்டும் என்று உபவிதியில் அல்லது பஞ்சாயத்துத் தீர்மானத்தில் எழுதிவைக்க. அந்த ஒரு மணி நேரத்துக்கு முறைக்காரரிடம் வாடகை வாங்கலாகாது. அதை அன்றைய முறையின் கடைசியில் சேர்த்துக் கொடுத்துவிட்டால் தகராறு எழாது.